இடை இல்லாதவளுக்கு ஒரு சுடிதார்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தொண்டையில் லேசான கரகரப்பு. அதைத் தவிர என் உடம்பைப் பற்றிப் புகார் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கழுத்து வலி எப்படி இருக்கிறது? அண்ணனின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்றா, இல்லை இன்னும் கிராம்பை வைத்தே காலம் தள்ளுகிறாரா?

இந்தக் கடிதத்தை எங்கள் பஸ் நிலையத்தின் ஊழியர் தபால் பையில் போடுகிறேன். அந்தப் பக்கம் போகிற ஏதாவது ஒரு பஸ் உங்கள் தையல் கடைக்கு எதிரே நிற்கும்போது யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போன முறை நான் ஒரு வரி சொன்னால் உங்கள் தையல் மெஷின் இரண்டு வரி சொன்னது. தவிர, நான் மேல்மாடி அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருப்பவன். மைக்கை அணைத்தேனா இல்லையா என்ற சந்தேகத்தோடு காதலைப் பற்றிப் பேச முடியாது.

ஆம் அண்ணி, காதல்தான். அவள் தினமும் நிலையத்துக்கு வருகிறாள், போகிறாள். நான் மேலேயிருந்து பார்க்கிறேன், எழுதுகிறேன். ஒரு புத்தகம் போடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. மாதிரிக்கு ஒன்று:

நிலவைக் கடைந்து வார்த்த முகம்,
நீண்டு காதைத் தொடும் மீன்விழிகள்,
இருக்கிறதென்பார் இடை, கண்டவரில்லை,
பனித்துளி பட்டால் கன்றும் பாதம்.

ஏப்ரலோடு அவள் இந்தப் பக்கம் வருவது நின்றுவிடும் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்குள் மனத்தைச் சொல்லிவிட வேண்டும். வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது. உங்கள் கைப்பட ஒரு சுடிதார் தைத்துத் தாருங்கள். வான நீலத்தில். நீங்கள் எனக்குத் தாய்க்குச் சமானம் என்றெல்லாம் சொல்லி ஐஸ் வைக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். வைத்துவிட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
கொழுந்தன்

ஜனவரி 16

கவிஞர் கொழுந்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் கழுத்து அப்படியேதான் இருக்கிறது, தலை இன்னும் அதன்மேல் நிற்கிறது. உன் அண்ணன் பல் டாக்டர் வாசல்வரை போய், "வலி போயிடுச்சு" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார். எவ்வளவு பெரிய தண்ணீர் மோட்டாரையும் பிரித்துப் போடுகிற மனிதர், ஒரு பல்லைப் பிரிக்கப் பயப்படுகிறார். உன் தொண்டைக்கு வெந்நீர் குடி.

காதல் என்றதும் சந்தோஷப்பட்டேன். இந்த வீட்டுக்கு நான் வந்த வருஷத்திலிருந்து உன் சட்டைகளையெல்லாம் நான்தான் தைக்கிறேன். உனக்கு வரப்போகிறவளுக்குத் தைக்க மாட்டேனா? ஆனால் அளவு எங்கே? தோள், மார்பு, கை நீளம், இடுப்பு, உயரம் எல்லாம் வேண்டும். கவிதையை மூன்று முறை படித்தேன். இடை இருக்கிறது என்பார்களாம், கண்டவர் இல்லையாம். சரி, அப்படியென்றால் நாடாவை எங்கே கட்டுவது?

உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த பெண் நல்ல வாட்டசாட்டம். கறுப்புக் கண்ணாடி, தலையில் மஞ்சள் கிளிப். படி ஏறும்போதே "அக்கா, பை வந்திருக்கு!" என்றாள் பார், என் காஜா மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பஸ் கொஞ்ச நேரம் நிற்குமாம். டீ குடித்துவிட்டு இரண்டு பன்னையும் தின்றுவிட்டு, என்னை நாலு தடவை சிரிக்க வைத்துவிட்டுப் போனாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். பைக்காரி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அளவு அனுப்பு.

அன்புடன்
அண்ணி

ஜனவரி 27

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வெந்நீர் பலித்தது. குரல் மணி மாதிரி இருக்கிறது. உங்கள் கழுத்துக்கு ஒத்தடம் கொடுங்கள். அண்ணனுக்குத் தைரியம் கொடுங்கள்.

கவிதையில் நாடாவைத் தேடியது உங்களால் மட்டும் முடியும். இருந்தாலும் அளவு கேட்டீர்கள், தருகிறேன். கழுத்து: சங்கு. தோள்: இளமூங்கில். கூந்தல்: மழை மேகம். நடை: அன்னம். உயரம் கேட்டிருக்கிறீர்கள். மின்னலுக்கு யாராவது உயரம் பார்ப்பார்களா, அண்ணி?

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால் உங்கள் கத்தரிக்கோல் தானே வழி கண்டுகொள்ளும். அவள் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுகிறவள். ஏக்கத்தில் மெலிந்து வளையல்கள் கழன்று விழுகின்றன. தூங்குவதில்லை. பேசுவதுமில்லை, அவள் மௌனமே ஒரு மொழி. இவையெல்லாம் தனித்தனிக் கவிதைகளாக இருக்கின்றன, பிறகு அனுப்புகிறேன்.

என்னோடு ஒரே ஒரு முறை பேசியிருக்கிறாள். போன மழைக்காலத்தில் என் அறைக்கே ஏறி வந்தாள். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை. மைக்கின் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது நினைவில் இல்லை. அந்தக் குரல் மட்டும் நிற்கிறது. சங்கீதம்!

உங்கள் பைக்காரிக்கு என் வணக்கம். பன் தின்பவர்களைப் பற்றிக் கவிதையில் இடமில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என்றும் பணிவுள்ள
கொழுந்தன்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம், ஆனால் சிரித்துச் சிரித்து எனக்குக் கழுத்தோடு விலாவும் வலிக்கிறது. அண்ணன் பல் வீங்கி, ஒரு கன்னம் மட்டும் செழிப்பாக இருக்கிறார்.

நீ அனுப்பிய அளவை வெட்டும் மேஜையில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு மீன், கழுத்துக்குச் சங்கு, நடைக்கு அன்னம். உன் காதலி பாதிக்குமேல் தண்ணீரில்தான் கிடக்கிறாள். துணியைச் சாயம் போகாத ரகமாக வாங்கவா?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். இத்தனை கவிதையில் அந்தப் பெண் ஒரு வாய் சாப்பிட்டாளா? ஒரு தும்மல் போட்டாளா? அவளுக்கு அம்மா அப்பா உண்டா? யாரிடமாவது கோபப்பட்டிருக்கிறாளா? வளையல் கழன்று விழுகிற அளவுக்கு மெலிந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவதுதானே முறை, நீ என்ன உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாய்? உன்னை நினைத்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலையே இல்லையா? என்ன வேலை பார்க்கிறாள், அதையாவது சொல்.

உன் கவிதையைப் படித்த ஜோரில் உன் அண்ணனிடம், "என்னைப் பத்தி ஒரு கவிதை சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். தட்டில் சோறு ஆறுகிறவரை யோசித்தார். வீங்கின கன்னத்தோடு, "நீ ஊருக்குப் போயிட்டா வீட்ல ஒரு சாமானும் கைக்குக் கிடைக்க மாட்டேங்குது" என்றார். இதுவா கவிதை என்று சண்டை போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்பது மறந்துபோய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பைக்காரி வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டை கேட்டாள். கையைத் தூக்கினால் தோளில் இழுக்கிறதாம். அளவு எடுத்தேன். நல்ல அகலமான தோள், தைப்பதற்கே ஆசையாக இருக்கிறது.

அண்ணி

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

உடல் நலம், மனம் நலமில்லை. அண்ணனின் கன்னத்துக்கு என் அனுதாபம்.

உங்களுக்குக் கவிதையே பிடிபடவில்லை. கவிதையில் பெண் சாப்பிட ஆரம்பித்தால் அப்புறம் பாத்திரம் கழுவுவது யார் என்ற கேள்வி வரும். தும்மினால் கைக்குட்டை வரும். அழகு அத்தோடு முடிந்தது.

வேலையைக் கேட்கிறீர்கள். ஏதோ வேலை பார்க்கிறாள், விடுங்கள். கவிதை என்றால் மல்லிகை மணக்க வேண்டும், டீசல் மணக்கக் கூடாது. அவள் கையில் இருப்பது எந்தச் சக்கரமாக இருந்தால் என்ன, என் எழுத்தில் அது தாமரைதான்.

அளவை ஒரு குத்துமதிப்பாகப் போட்டுத் தைத்துவிடுங்கள். எல்லாக் கவிதையிலும் பெண்கள் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கிறார்கள், ஒருவருக்கும் இதுவரை சிரமம் வந்ததில்லை.

நாள் நெருங்குகிறது, அண்ணி.

கொழுந்தன்

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, மனத்தில் வைத்துக்கொள்ளாதே. கழுத்து வலி மாயமாகப் போய்விட்டது. நான் ரொம்ப உற்சாகமாக இருக்கிறேன். உன் அண்ணன்கூட, "என்ன விசேஷம், மெஷின்ல உக்காந்து பாட்டெல்லாம் பாடறே" என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நீ டீசல் என்று எழுதியதைப் படித்துவிட்டு, வாசலில் நின்ற பஸ்ஸை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றுமில்லை, சும்மா பார்த்தேன்.

இரண்டே கேள்வி. உன் காதலி தலையில் மஞ்சள் கிளிப் போடுவாளா? நீ அவளை எப்போதாவது கீழே இறங்கி, நேருக்கு நேர் பார்த்திருக்கிறாயா?

சுடிதாரைப் பற்றிக் கவலைப்படாதே. இப்போது அவசரம் வேறொன்று. பைக்காரி ஒரு ஆண் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். "யாருக்கு?" என்று கேட்டேன். காது சிவந்துபோய், "கூட வேலை செய்யறவரு" என்றாள். அளவு சட்டை இல்லை, கண் அளவுதான். "இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்க்கா, அந்தப் பக்கமே சாஞ்சு உக்காருவாரு. இடது முழங்கை தேயும், அங்க உள்ள ஒரு துண்டு வச்சுத் தைங்க. பேசறப்ப மேல் பட்டனைத் திருகிக்கிட்டே இருப்பாரு, அதுக்கு ரெட்டை நூல் போடுங்க" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். திரும்பவும் ஒரு முறை சொல்லச் சொன்னேன். குறித்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் பரம சௌக்கியம், ஏனென்று கடைசியில் சொல்கிறேன். உங்கள் கழுத்து குணமானது கேட்டு மகிழ்ச்சி.

மஞ்சள் கிளிப்தான்! எப்படித் தெரிந்தது? என் கவிதைகளில் எங்கும் நான் எழுதவில்லையே! உங்களுக்குள் ஒரு கவிஞர் ஒளிந்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. ஊசியும் நூலும் அவரை அமுக்கி வைத்திருக்கின்றன.

நேருக்கு நேர் பார்த்ததில்லை. என் அறையிலிருந்து பார்த்தால் பஸ்ஸின் கூரை தெரியும், கண்ணாடியில் வெயில் தெரியும், அவள் இறங்கி நடந்தால் உச்சந்தலையும் கிளிப்பும் தெரியும். காதலுக்கு அது போதும். நெருங்கிப் பார்த்தால் நிலவிலும் மேடு பள்ளம் உண்டு என்கிறார்கள்.

பைக்காரியின் ஆளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. ஒரு தோள் கோணல், முழங்கை தேய்ந்த சட்டை, பட்டனைத் திருகுகிற கை! இப்படி ஒருவனை வருணித்து உலகத்தில் யாராவது ஒரு வரி எழுத முடியுமா? அந்தப் பெண்ணின் ரசனைக்கு ஒரு கும்பிடு.

இப்போது என் சௌக்கியத்தின் காரணம். நாளை மதியம் அவள் புறப்படும் நேரத்தில், ஒலிபெருக்கியில், நிலையம் முழுக்கக் கேட்கும்படி என் கவிதையைப் படிக்கப் போகிறேன். சுடிதார் பிறகு வரட்டும். வாழ்த்துங்கள்.

நாளைய நாயகன்,
கொழுந்தன்

மார்ச் 26

அண்ணிக்கு,

எல்லாம் முடிந்தது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கக்கூட மனமில்லாமல் எழுதுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை. என் வளையல்தான் கழன்று விழ வேண்டும், போட்டுக்கொள்ளவில்லை.

படித்தேன். நிலவு முகத்திலிருந்து பனித்துளிப் பாதம்வரை ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தேன். நிலையமே அசையாமல் நின்றது. டீக்கடைக்காரர் ஆற்றிய டீயைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் அந்தப் பெண் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள் அவளும் அங்கும் இங்கும் திரும்பிப் பார்த்ததுபோல் கண்ணாடியில் ஒரு நிழல் தெரிந்தது.

அப்புறம் ஒரு ஹாரன். அவ்வளவுதான். போய்விட்டாள். நிமிர்ந்து ஒரு பார்வை இல்லை. முழுதாக மறுத்துவிட்டாள், அண்ணி.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். போக வேண்டும்.

நொந்துபோன
கொழுந்தன்

ஏப்ரல் 2

தம்பிக்கு,

முதலில் சாப்பிடு. மற்றதைப் பிறகு படி.

சாப்பிட்டாயா? சரி. உன் திட்டத்தைச் சொன்ன கடிதமும், நீ அதை நிறைவேற்றிவிட்ட செய்தியும் எனக்கு ஒரே பஸ்ஸில் வந்தன. பை வந்து சேர்ந்தபோது தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. செய்தியைச் சொன்னது பைக்காரி. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, எங்க மைக் சாருக்கு இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு. யாரோ ஒரு பொண்ணைப் பத்தி மைக்ல கவிதையாப் படிச்சாரு. இடுப்பே கிடையாதாம். கால்ல பனி பட்டாப் புண்ணாயிடுமாம். பாவம்க்கா, என்ன சீக்கோ! நானும் வண்டி முழுக்கத் தேடிப் பாத்தேன், அப்படி யாரும் ஏறல. ஏறியிருந்தா முன்னாடி சீட்டு குடுத்திருப்பேன்."

சொல்லும்போது சிரித்தாள். ஆனால் பன்னைத் தொடவில்லை, டீ ஆடை கட்டிக் கிடந்தது. கிளம்பும்போது, "அந்தச் சட்டையை நிறுத்திடுங்கக்கா, வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கடைக்குள் அவ்வளவு வெயில் கிடையாது.

தம்பி, நீ வர்ணித்தது உன் காதலியைத்தானே? அந்தப் பஸ் நிலையத்தில் அத்தனை பேர் கேட்டார்களே, அதில் ஒருத்தராவது, "அட, இது இன்னார்" என்று சொன்னார்களா? அவளுக்கே அது தான்தான் என்று தெரிந்திருக்குமா? என் கடையில் ஒருத்தியின் அளவில் தைத்த உடுப்பை அவளே அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டுப் போனால், நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், என் டேப்பைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

இதை எழுதும்போது உன்மேல் கோபமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. உன் அண்ணனுக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று. அவர் நலம்.

அண்ணி

ஏப்ரல் 12

அண்ணி!

நலமா என்று கேட்க நேரமில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், எல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருந்தவர் நலமாக இல்லாமல் என்ன?

மேலாளர் மைக்கைப் பிடுங்கிவிட்டார். ஒலிபெருக்கி பஸ்களுக்கும் காணாமல் போன குழந்தைகளுக்கும் மட்டும்தான் என்று சொல்லி, என்னைக் கீழே பார்சல் கவுண்டரில் போட்டார். முதல் நாள் மதியம் ஊழியர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன். கவுண்டருக்குள் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்தேன். வெளிச்சத்தை மறைத்தபடி ஒருவர் நின்றார். "பையைக் குடுங்க சார், நேரமாச்சு."

மஞ்சள் கிளிப், அண்ணி. கறுப்புக் கண்ணாடி. வாயில் பன்.

இத்தனை மாதம் அவளைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அவளே உங்களிடம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நீங்கள் டீ கொடுத்து வாங்கி வைத்திருக்கிறீர்கள்!

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்கள் காதைத் தொடவில்லை. சின்னக் கண்கள். புழுதியில் சிவந்து, ஓரத்தில் சிரிப்புச் சுருக்கம். நான் அவற்றைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன். கையெழுத்துப் போடும் பேனாவை யாரிடம் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எழுத ஒரு வரியும் வரவில்லை. பார்ப்பதற்கே நேரம் போதவில்லை.

ஆனால் என்ன பயன்? நேற்றுதான் உறைத்தது. அந்தச் சட்டை! தோள் கோணலான அந்த எவனோ ஒருவனுக்கு அவர் (இனி அவள் என்று எழுதக் கை வரவில்லை) சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாரே! காது சிவந்தது என்று நீங்களே எழுதினீர்களே! யார் அவன்? டிப்போவில் இருக்கிற ஒவ்வொருவரின் தோளையும் பார்த்துவிட்டேன். டயர் மாற்றுகிறவர்மேல் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அவர் ஓட்டும் வழித்தடம் மாறுகிறது. போய்விடுவார். என்னால் தாங்க முடியாது.

கொழுந்தன்

ஏப்ரல் 15

மண்டுவுக்கு,

டயர் மாற்றுகிறவரை விட்டுவிடு, அவர் பிள்ளை குட்டிக்காரர்.

உன் அறையில் கண்ணாடி இருக்கிறதா? சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் போய் நேராக நில். எது இறங்கியிருக்கிறது, பார். பிறகு உன் இடது முழங்கையைத் திருப்பிப் பார். பிறகு உன் மேல் பட்டன் எந்த நிலையில் தொங்குகிறது என்று பார்.

பார்த்தாயா?

பஸ் புறப்படலாம் என்று நீ சொல்கிறவரை மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது டிரைவரின் வேலை. தினமும் அந்த முன்கண்ணாடி வழியாக அவள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கண் அளவில் சொன்னதையும், இத்தனை வருஷம் நான் டேப் வைத்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் பிசகவில்லை. நீ பஸ்ஸின் கூரையைப் பார்த்துக் கவிதை எழுதிக்கொண்டிருந்தாய், தம்பி. அவள் உன்னைப் பார்த்து அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது. இப்போதும் உன் அழுகையைத் தாங்க முடியாமல்தான் சொல்கிறேன்.

சட்டையை அவளிடமே கொடுத்துவிட்டேன். "நிறுத்தச் சொன்னேனேக்கா" என்றாள். "வெட்டியாச்சும்மா. இந்தத் துணிக்கு வேற தோள் கிடையாது" என்றேன். வாங்கிக்கொண்டு போனாள். என்ன செய்வாளோ தெரியாது. மாதம் முடிய அதிக நாள் இல்லை. சங்கு, மின்னல் எதையும் கூட எடுத்துக்கொண்டு போகாதே.

அண்ணி

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். இதைவிட நலமாக ஒருவன் இருக்க முடியும் என்று தோன்றவில்லை. அண்ணனுக்கும் இல்லாமல் போன பல்லுக்கும் என் வணக்கம்.

கண்ணாடி முன்னால் நின்றேன். இடது தோள்தான். வெகுநேரம் அங்கேயே நின்றேன். என்னை ஒருவர் இவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது இனிமேல்தான் பழக வேண்டிய விஷயம்.

இன்று மதியம் அவர் பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தார். "இது உங்களுக்குச் சரியா இருக்கும். அந்தப் பொண்ணு எப்படி இருக்காங்க? உடம்பு தேவலையா?"

"எந்தப் பொண்ணு?"

"கால்ல பனி படக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"அப்படி யாரும் இல்லீங்க. மேல உக்காந்துக்கிட்டு நானாச் செஞ்சது."

"அப்ப யாருக்குப் படிச்சீங்க?"

"உங்களுக்குத்தான்."

அவர் தன் ரப்பர் ஷூவைக் குனிந்து பார்த்தார். "இந்தக் காலா?" என்று சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. பிறகு சிரிப்பு நின்றது. "என்னைப் பத்தின்னா என்னையில்ல சொல்லியிருக்கணும். நான் அன்னிக்கு ரோடு முழுக்க உங்க அந்தப் பொண்ணை நெனச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஓட்டினேன்" என்றார்.

என்னிடம் வரி எதுவும் தயாராக இல்லை. பார்த்ததைச் சொன்னேன். "உங்க வலது கை, இடது கையைவிடக் கறுத்திருக்கு. ஜன்னல் பக்கம் இருக்கறதால. ரிவர்ஸ் எடுக்கறப்ப விசில் அடிக்கிறீங்க. வயசானவங்க ஏறி உக்கார்ற வரைக்கும் வண்டியை நகத்த மாட்டேங்கறீங்க. நான்தான் மைக்ல அதுக்கு முன்னாடியே கிளம்பச் சொல்லிட்டிருந்தேன்."

"அதைத்தான் அன்னிக்கு மேல வந்து கத்திட்டுப் போனேன். நீங்க மைக்கையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

சங்கீதம் என்று உங்களுக்கு எழுதினேனே அண்ணி, அது இதுதான். வெட்கமாக இருக்கிறது.

அவர் இரண்டு கைகளையும் கவுண்டர் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஓட்டறேன். எங்கம்மாகூட இதைக் கவனிச்சதில்ல" என்றார். நானும் என் கையை அங்கேயேதான் வைத்திருந்தேன். வெளியே பயணிகள் பஸ்ஸைத் தட்டினார்கள். தாமதத்துக்கு இன்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "புது ரூட்டும் ஞாயித்துக்கிழமை இங்கதான் வந்து திரும்புது. மைக்கைத் திருப்பிக் குடுத்தாலும் மேல போயிடாதீங்க. கீழயே இருங்க."

கீழேயே இருக்கிறேன், அண்ணி. சட்டை கச்சிதமாக இருக்கிறது. பட்டனைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை.

சுடிதாருக்கு அளவு கொடுக்க அடுத்த வாரம் அவரே உங்களிடம் வருகிறார். நிறம் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், வான நீலம் அவருக்குப் பிடிக்குமா என்று நான் கேட்டதே இல்லை. டீயோடு பன் மூன்றாக வாங்கி வையுங்கள்.

உங்கள் அன்புக் கொழுந்தன்

பி.கு.: இடை இருக்கிறது. நாடாவைத் தாராளமாக வையுங்கள்.